யார் போட்ட மூட்டம்

புகைக்குச் சொந்தப் புத்தி கிடையாது. காற்று இழுத்த பக்கம் போகும். யாகூத்ஸ்க் நகரில், நான்காம் மாடி அறையொன்றில், கோடைக்குக் கோடை திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்து அய்தாலினா கற்றுக்கொண்ட முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். துருவத்தைச் சுற்றியோடும் செயற்கைக்கோள்கள் ஒன்று மாற்றி ஒன்று தலைக்கு மேலே கடந்து படம் அனுப்பும். காட்டுத்தீயின் புகை எதுவரை பரவியிருக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் மின்பேனாவால் கோடு இழுத்து, அதை முந்தைய கோட்டோடு வைத்துப் பார்த்து, நாளைக்கு எந்த ஊர்ப் பிள்ளைகள் இருமப் போகின்றன என்று அவள் சொல்ல வேண்டும். அதனால், அன்று காலைப் படத்தில் சின்ன வெள்ளைத் திட்டு ஒன்று மேற்கே நகர்ந்திருந்ததைப் பார்த்தபோது, அவள் முதலில் தன் கோட்டைத்தான் சந்தேகப்பட்டாள்.

காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. வில்யூய் ஆற்றுப் பக்கம் எரிந்துகொண்டிருந்த பெரிய தீக்களெல்லாம் கிழக்கே பார்த்து வால் நீட்டியிருந்தன. இந்தத் திட்டு மட்டும் எதிரே வந்தது. அழித்துவிட்டு மறுபடியும் வரைந்தாள். மறுபடியும் மேற்கே.

"அண்ணே, காத்து எந்தப் பக்கம்?"

பக்கத்து மேசையில் ஸ்பிரிதோன் ஒலாதி அடையை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த அறைக்குப் பெரியவர் அவர். கண்ணாடி மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். "ரெண்டு வாரமா ஒரே பக்கம்தான். ஏன் தங்கச்சி, உனக்குன்னு தனியாக் காத்து வேணுமா?"

"இந்தத் திட்டு எதிர்க்காத்துல வருது. அடியில சிவப்புப் புள்ளியும் இல்ல." வெப்பம் தெரிகிற இடத்தில் திரையில் சிவப்புப் புள்ளி விழும். புள்ளி இல்லை என்றால் தீ இல்லை.

"அப்ப மேகம்."

"மேகத்துக்கு ஓரம் இப்படிக் கலங்கலா இருக்காதே."

"அப்ப மூடுபனி."

"மூடுபனி நடக்குமா?"

"வயசானா எல்லாம் மெதுவா நடக்கும்." வாய்க்குப் போக இருந்த அடையைப் பார்த்து ஸ்பிரிதோன் சற்றுத் தயங்கினார். சாப்பிடும் முன் முதல் துண்டு நெருப்புக்கு என்பது அவர்கள் வீடுகளில் மாறாத வழக்கம். "காட்டையே தின்னுக்கிட்டு இருக்கு. அதுக்கு இனிமே என் அடை எதுக்கு?" என்று சொல்லி முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

அய்தாலினா சிரித்தாள். ஆனாலும் அவர் அப்படிச் செய்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெளியே பகலா மாலையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். ஜன்னல் விளிம்புகளிலெல்லாம் பழுப்பு நாடா ஒட்டியிருந்தும், எரிந்த பிசினின் கசப்பு எப்படியோ உள்ளே வந்து தேநீரிலும் தலைமுடியிலும் தலையணையிலும் தங்கிவிட்டது. சூரியன் செம்புத் தட்டு போலக் கண் கூசாமல் தொங்க, தெருவிளக்குகள் பகலிலேயே எரிய, முகமூடி போட்டவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கடந்து போனார்கள். அறைக்குள் கொசுக்கள் வேறு. நாடா ஒட்டியதும் உள்ளே சிக்கிக்கொண்டவை அவள் கணுக்காலையும் புறங்கையையும் ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தன. நேற்று மாலை மகள் பேசியது அப்போது நினைவுக்கு வந்தது.

குன்னேய்க்கு ஆறு வயது. அவளும் அய்தாலினாவின் கணவன் மிச்சிலும் காத்திங் அலாஸில் இருந்தார்கள். காட்டுக்கு நடுவே, வட்டமாக, ஒரு குளத்தை வைத்துக்கொண்டு கிடக்கும் புல்வெளிக்கு அலாஸ் என்று பெயர். வானத்திலிருந்து பார்த்தால் காடு முழுக்க யாரோ கிண்ணம் கிண்ணமாகக் கவிழ்த்து எடுத்த தடம் போலத் தெரியும். ஜூலை என்றால் புல் அறுப்பு. உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். அலாஸில் தொலைபேசி எடுக்காது. பொழுது சாயும்போது மிச்சில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டை மேட்டில் ஏறி நின்று பேசுவான்.

"அம்மா, இங்க கொசுவே இல்ல," என்றாள் குன்னேய் நேற்று. "ஒண்ணுகூட இல்ல. அப்பா சட்டையில்லாம நிக்குறாரு."

"அதிர்ஷ்டம்தான் போ," என்று சொன்னாள் அய்தாலினா. நல்ல செய்தி என்றே நினைத்தாள்.

அடுத்த படம் வந்தபோது திட்டு ஒரு அலாஸுக்குள் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்துக்கு உரும்பா என்று பெயர். மேலே படர்ந்து போகவில்லை; உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தில் பால் ஊற்றினாற்போல விளிம்பு வரை நிறைந்து, காட்டுக்குள் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல். அய்தாலினா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தின நாள்களின் படங்களைப் பின்னோக்கி ஓட்டினாள்.

இருந்தது. எல்லா நாளும் இருந்தது. பெரிய புகைகளின் கூட்டத்தில் யாரும் கவனிக்காமல், கிழக்கே வெகு தூரத்தில், ஆளில்லாத சதுப்பில் தொடங்கி ஒரு அலாஸ், பிறகு அடுத்த அலாஸ், பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் நிறைந்து, சற்று நின்று, காலி செய்துகொண்டு கிளம்பியிருந்தது. வழியில் ஆளில்லாத அலாஸ்கள் எத்தனையோ கிடந்தன. அவற்றை அது தொடவே இல்லை. புல் அறுக்கிறவர்களும் மாடு மேய்ப்பவர்களும் இருந்த வட்டங்களில் மட்டும்தான் தங்கியிருந்தது.

நின்ற இடங்களையெல்லாம் ஒரு கோட்டில் சேர்த்தாள். கோடு மேற்கே ஓடியது. உரும்பாவுக்கு அடுத்து அந்தக் கோட்டில் ஆட்கள் இருக்கும் இடம் ஒன்றுதான். காத்திங்.

மிச்சிலை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். அவளுக்குத் தெரிந்ததுதான், இருந்தும் மறுபடி அழைத்தாள்.

உரும்பாவில் தெரெந்தி என்றொரு கிழவர் மாடு வைத்திருந்தார். தீக்காலத்துக்கென்று அரசு கொடுத்த செயற்கைக்கோள் தொலைபேசி அவரிடம் இருந்தது. போன மாதம்தான் அய்தாலினா அவருக்கு அதை இயக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் அப்போது அவளை விடாமல் கேலி பண்ணினார். "இது அடிச்சா மாடு பால் கறக்குமாம்மா?" என்று கேட்டவர். இப்போது மணி வெகு நேரம் அடித்தது. எடுத்தபோது அந்தக் குரலில் கேலி இல்லை. தூங்கி எழுந்தவர் குரல் போல இருந்தது.

"யாரு?"

"நகரத்துலேர்ந்து அய்தாலினா, ஐயா. புகை பாக்குற பொண்ணு. அங்க புகை வந்துடுச்சா?"

"வந்துச்சும்மா. நல்ல புகை."

"மூச்சு முட்டுதா? யாருக்காவது தலை சுத்துதா?"

"மூட்டப் புகைம்மா. எரு வாசம். ஒரு கொசு கிடையாது. எல்லாரும் அதுலதான் நிக்கிறோம்."

மாட்டையும் மனிதரையும் கொசு பிடுங்காமலிருக்கக் காய்ந்த எருவைக் குவித்துப் புகைய விடுவதுதான் மூட்டம். அந்த நாட்டில் பிறந்த யாருக்கும் அது பயப்படுகிற புகை அல்ல. சின்ன வயதில் அவளே அந்தப் புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பசுக்கள் தாமாக வந்து, அசை போட்டுக்கொண்டு, அதில் வட்டமாக நிற்கும்.

"யார் போட்ட மூட்டம், ஐயா?"

"நாங்க போடல."

"பின்ன எதுக்கு அதுல நிக்கிறீங்க?"

"மாட்ட யாரும்மா கூப்பிடுறா? மூட்டம் போட்டா அதுவா வந்து நிக்குது."

"ஐயா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிடுங்க. நான் ஹெலிகாப்டருக்குச் சொல்றேன்."

"மணி அடிச்சதுன்னு நான் மட்டும் வெளிய வந்தேன். வந்தா உடனே கொசு பிடுங்குது. நான் உள்ள போறேம்மா. என் இடம் காலியா இருக்கு."

"ஐயா, ஒரு நிமிஷம்..."

"மூட்டம் போட்டவன் வருவான்ல, எண்ணுறதுக்கு," என்றார் தெரெந்தி. தன் எசமானைப் பற்றிப் பேசுவது போல, மரியாதையாகச் சொன்னார். "அப்ப ஒண்ணு குறையக் கூடாது."

தொலைபேசியை அவர் அணைக்கவில்லை. எங்கோ புல்லில் வைத்துவிட்டார். காலடி விலகிப் போவது கேட்டது. அப்புறம் வேறொன்று. நிறையப் பேர், வெகு நிறையப் பேர், வாயை மூடிக்கொண்டு மெதுவாக எதையோ மென்றுகொண்டிருக்கிற சத்தம்.

அவள் சொன்னதைக் கேட்ட ஸ்பிரிதோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிழவர் குடிச்சிருப்பார்."

"தெரெந்தி ஐயா குடிக்க மாட்டாரு."

"அப்ப புகை தலைக்கேறிடுச்சு. கரிக்காத்து அப்படித்தான் பண்ணும், தங்கச்சி. சிரிச்சிக்கிட்டே சாக வைக்கும்." அவர் அதை நம்பித்தான் சொன்னார்; அவளுக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. அவர் எழுந்து தலைமையகத்தோடு பேசினார். வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"ஒரே ஹெலிகாப்டர்தான் இருக்கு. இந்த இருட்டுல ஒரு தடவைதான் எழும்புமாம். உரும்பாவா, காத்திங்கா? திட்டு அடுத்து எங்க போகும்னு உனக்குத்தான் தெரியும். நீ சொல்ற இடத்துக்கு அனுப்புறேன்."

காத்திங்கில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் மேசையைப் பார்த்தார்.

"அடுத்த படம் வரட்டும்ணே."

படம் வரிவரியாக இறங்கியது. வடக்கிலிருந்து தெற்கே, ஒரு திரையை யாரோ மெல்லச் சுருட்டி இறக்குவது போல. உரும்பா இன்னும் நிறைந்தே இருந்தது. காத்திங் காலி. புல், குளம், அறுத்த இடம் வெளிர் பச்சை, அறுக்காத இடம் கரும்பச்சை. அந்தப் புல்வெளியின் ஒரு ஓரத்தில், கூடாரங்கள் இருக்கும் பக்கம், மயிரிழை போல வெள்ளையாக ஒரு புகை.

அய்தாலினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூட்டம். மிச்சில் போட்ட மூட்டம். வீட்டுப் புகையை அவளுக்குத் தெரியாதா? வேலையை முடித்துவிட்டு, மகளுக்குக் கொசு கடிக்கக் கூடாதென்று மூட்டம் போட்டுவிட்டு, பானையில் மீன் கொதிக்க விட்டிருப்பான். திட்டு உரும்பாவிலேயே நிற்கிறது. காத்திங்குக்கு நேரம் இருக்கிறது. அங்கே ஒரு கிழவர் புத்தி பேதலித்து நிற்கும்போது, தன் பிள்ளைக்கென்று ஹெலிகாப்டரைத் திருப்பிக்கொண்டவள் என்ற பேர் அவளுக்கு வேண்டாம்.

"உரும்பாவுக்கு அனுப்புங்கண்ணே. காத்திங்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. மூட்டம் போட்டிருக்காங்க, பாருங்க."

ஸ்பிரிதோன் குனிந்து பார்த்தார். அவருக்கும் அந்த இழை தெரிந்தது, அவர் முகமும் இளகியது. "நல்ல மனசு உனக்கு," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. அய்தாலினா புதுத் தேநீர் ஊற்றிப் பால் கலந்தாள். முதல் மடக்கு இதமாக இறங்கியது. இரண்டாவது மடக்கில் கை நின்றது.

காத்திங்கில் மாடு இல்லை.

மாடுகளெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், பண்ணையில் நின்றன. காத்திங் வெறும் புல் அறுக்கிற இடம். மாடு இல்லாத இடத்தில் எரு ஏது? எரு இல்லாமல் மூட்டம் ஏது? கொசுவுக்கென்று மிச்சில் கடையில் வாங்கிய மருந்தைத்தான் எடுத்துப் போனான். பையில் வைத்துக் கட்டியவளே அவள்தான். அதுவும் போகட்டும். நேற்றே அங்கே கொசு இல்லை. கொசு இல்லாத இடத்தில் எவன் மூட்டம் போடுவான்?

படத்தை மறுபடி திறந்தாள். அந்த மயிரிழை சாய்ந்திருந்தது. இத்தனை கோடையாகப் படித்த முதல் பாடம், எந்தப் புகையைப் பார்த்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டு ஞாபகத்தில் அவள் பார்க்காமல் விட்டது. காற்று எந்தப் பக்கம்?

இழை மேற்கே சாய்ந்திருந்தது.

"அண்ணே," என்றாள். "அண்ணே, திருப்புங்க. ஹெலிகாப்டரைத் திருப்பச் சொல்லுங்க."

"இறங்கியே இருப்பாங்க, தங்கச்சி. என்ன ஆச்சு?"

அவள் பதில் சொல்லும் முன்பே வானொலி கரகரத்தது. விமானியின் குரல் அறையெங்கும் கேட்டது. உரும்பாவில் இறங்கிவிட்டார்கள். புகை இல்லை. இறங்கும்போதே விலகிப் போய்விட்டது.

"ஆட்கள்?" என்று கேட்டார் ஸ்பிரிதோன்.

"ஆள் யாரும் இல்ல. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கிடக்கு. மாடெல்லாம் தொழுவத்துல கட்டிப்போட்டபடியே இருக்கு, ஒரே கத்தல். வெளிய புல்லு வட்டமா மிதிபட்டுக் கிடக்கு. மாடு நின்னா கிடக்குமே, அந்த மாதிரி. ஆனா எல்லாம் செருப்புக் கால்."

"காத்திங்குக்குப் போக முடியுமா?"

"அந்தப் பக்கம் கண்ணே தெரியல, பெரியவரே. நாங்க திரும்புறோம்."

அய்தாலினா மிச்சிலை அழைத்தாள். எல்லைக்கு வெளியே. அழைத்தாள். எல்லைக்கு வெளியே.

பேரிடர்க் காலத்தில் மட்டும் கேட்டு வாங்குகிற நுணுக்கப் படம் ஒன்று உண்டு. காரின் கதவு திறந்திருக்கிறதா என்றுகூட அதில் தெரியும். உரும்பாவுக்கென்று ஸ்பிரிதோன் கேட்டிருந்தார். அது வந்தபோது, நீளப் பட்டையாக, காத்திங்கையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அவள் உரும்பாவைப் பார்க்கவே இல்லை.

காத்திங் நிறைந்துவிட்டிருந்தது. ஆனால் புகை மெல்லிது, பாலாடை போல. அதன் அடியில் புல் தெரிந்தது. கூடாரம் தெரிந்தது. பெரிதாக்கினாள். குளத்தங்கரையில் புள்ளிகள். பெரிதாக்கினாள். புள்ளிகளுக்கு நிழல் இருந்தது. தலைகள், தோள்கள், ஒவ்வொன்றின் காலடியிலிருந்தும் கிழக்கே நீண்ட குட்டி நிழல்.

வட்டமாக நின்றார்கள். ஒருவர் தோளை ஒருவர் தொட்டபடி, உள்ளே பார்த்தபடி.

பத்துப் பன்னிரண்டு பேர் இல்லை. வட்டத்துக்குள் வட்டம். அதற்குள் வட்டம். உரும்பாவின் ஆட்களும் இருந்தார்கள். அதற்கு முந்தின அலாஸின் ஆட்களும், அதற்கும் முந்தினதின் ஆட்களும். இரண்டு நாள் நடந்தாலும் வந்து சேர முடியாத தூரத்திலிருந்தவர்கள் அத்தனை பேரும்.

வெளி வட்டத்தில் சட்டையில்லாத ஒருவன். அவன் பக்கத்தில் ஒரு குட்டி நிழல்.

"அண்ணே," என்றாள். "என் பொண்ணுண்ணே."

ஸ்பிரிதோன் அவள் தோளில் கை வைத்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது. அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. படத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன நிழல்?"

எல்லா நிழலும் கிழக்கே விழுந்திருக்க, ஒன்று மட்டும் குறுக்கே கிடந்தது. காட்டு விளிம்பில் தொடங்கி, மரங்களின் நிழலையெல்லாம் வெட்டிக்கொண்டு, புல்வெளி முழுக்க நீண்டு, மெலிந்து, நடுவில் முழங்கை போல மடங்கி. அதன் நுனி வெளி வட்டத்தில் ஒருவர் தலை மேல் இருந்தது. நிழலுக்குச் சொந்தமானதைத் தேடி அவள் காட்டு விளிம்புக்குப் போனாள். அங்கே ஒன்றுமில்லை. மரம்தான்.

"படத்துல கோளாறு," என்றார் ஸ்பிரிதோன். "இரு, நான் கீழ போய் ஓட்டுநர்கிட்டப் பேசுறேன். ரோட்டு வழியாப் போவோம். நீயும் நானும். உன் பொண்ணைக் கூட்டிட்டு வருவோம். அழாத." அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. கனமான, அவசரமான, நம்பிக்கையான சத்தம்.

அவள் மேல்கோட்டை மாட்டினாள். பையை எடுத்தாள். மிச்சிலை ஒருமுறை அழைத்தாள். அழைத்துக்கொண்டே, பழக்க தோஷம், புதிதாக வந்து இறங்கிய படத்தைப் பார்த்தாள்.

காத்திங் காலி.

சுத்தமாக. புல், குளம், கூடாரம். ஒரு புள்ளி இல்லை, ஒரு நிழல் இல்லை. கோட்டை மேற்கே நீட்டினாள். அங்கே இல்லை. வடக்கே இல்லை. பெரிய புகைகளுக்குள் தேடினாள். இல்லை. பேனா தானாகத் தெற்கே வந்தது. லேனா ஆறு. படகுத்துறை. நகரம். தெருக்கள். அவள் வேலை செய்யும் கட்டடத்தின் கூரை.

அதன் முற்றத்திலிருந்து, மயிரிழை போல, ஒரு வெள்ளைப் புகை.

கையிலிருந்த தொலைபேசி எல்லைக்கு வெளியே என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அணைத்தாள். அறை அமைதியானது. ரொம்ப அமைதி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எது நின்றுபோனது என்று புரிந்தது. ரீங்காரம். காலையிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்த கொசுக்கள். புறங்கையில் ஒன்று இன்னும் உட்கார்ந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, ரத்தம் குடிப்பதைப் பாதியில் விட்டு, எழுந்து, போய்விட்டது.

வாசம் வந்தது.

பிசின் கசப்பு அல்ல. காய்ந்த எரு. புல். கறந்த பாலின் சூடு. அவளுடைய ஆறாவது வயது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓடலாம் போன்ற வாசம். தோளெல்லாம் தளர்ந்தது. நாடா ஒட்டிய ஜன்னல் பக்கம் கால் தானாக நடந்தது. ஒரு கை நாடாவைப் பிய்த்தது. அவள் கைதான்.

"அண்ணே," என்று கீழே பார்த்துக் கூப்பிட்டாள்.

முற்றம் பால் போல நிறைந்திருந்தது. அதில் ஆட்கள் நின்றார்கள். கணக்குப் பிரிவுப் பெண்கள். காவலாளி. தெருவில் போனவர்கள், முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. தோளோடு தோள். வட்டமாக. எல்லார் தாடையும் மெல்ல அசைந்தது. ஸ்பிரிதோன் வண்டிச் சாவியைப் பிடித்தபடியே நின்றார். கண்ணாடி மூக்கு நுனியில். அவரும் மென்றுகொண்டிருந்தார்.

சூரியன் இல்லை. இருந்தும் தார்த்தரையில் ஒரு நிழல் நீண்டுகொண்டு வந்தது. மெலிந்து, முழங்கை போல மடங்கி. காவலாளியின் தலையில் அதன் நுனி பட்டது. அடுத்தவர் தலைக்குப் போனது. அடுத்தவர். நிதானமாக. யாரையும் விடாமல். ஸ்பிரிதோனுக்கு வந்தது. அவரைத் தாண்டியது. நின்றது.

அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்துக்கு அப்பால் மிச்சில் நின்றான், சட்டையில்லாமல், தோளில் புல் துணுக்கு ஒட்டியிருக்க. அவனுக்கு முன்னால் குன்னேய். அந்த வட்டத்தில் அத்தனை பேரும் உள்ளே பார்த்திருக்க, அவள் மட்டும் தலையை நிமிர்த்தி நான்காம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். வாய் மெல்வதை நிறுத்தவில்லை. அம்மாவுக்கென்று விட்டுவைத்த அந்தக் காலி இடத்துக்குள் ஒரு கையை நீட்டி, விரல்களை விரித்து, பிடித்துக்கொள்ள ஆயத்தமாக வைத்திருந்தாள். நிழலின் நுனி அந்தக் கைக்கு மேலே அசையாமல் காத்துக்கொண்டிருந்தது.